ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

அரசின் கணக்குகளையும் புள்ளிவிவரங்களையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் எட்டுக் கேள்விகளை இந்த இதழுக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் தெளிவாக எழுதப்பட்ட ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டேன். ஊர்ப் பகை வந்துவிடுமோ என்று சிலர் அஞ்சியிருப்பதால் யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

வரவு செலவுத் திட்ட உரையில் ஒரு திட்டத்துக்கு இத்தனை கோடி என்று அறிவிக்கிறார்கள். மறுநாள் அதுவே தலைப்புச் செய்தியாகிறது. அந்தப் பணம் உண்மையில் செலவானதா என்பதை என்னைப் போன்ற சாதாரண வாசகர் எங்கே பார்ப்பது?
– கல்லூரி ஆசிரியை, கும்பகோணம்

உரையில் அறிவிக்கப்படுவது ஒதுக்கீடு. அதாவது, இவ்வளவு வரை செலவழித்துக்கொள்ளலாம் என்று சட்டமன்றத்திடம் கேட்கப்படும் அனுமதி. செலவு என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருப்பதால், அறிவிப்பு வந்த நாளிலேயே திட்டம் நிறைவேறிவிட்டதாக மகிழ்கிறோம் அல்லது கோபப்படுகிறோம்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு மானியக் கோரிக்கைப் புத்தகம் உண்டு. அதில் ஒவ்வொரு செலவினத் தலைப்புக்கும் எதிரே வெவ்வேறு ஆண்டுகளின் தொகைகள் அடுத்தடுத்து நிற்கும். முடிந்துபோன ஆண்டின் கணக்கு, நடப்பு ஆண்டின் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு என்பது வரிசை. 2022-23-இல் உண்மையில் எவ்வளவு செலவானது என்பது 2024-25-க்கான புத்தகத்தில்தான் 'கணக்கு' என்ற பத்தியில் வரும். அதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும்; தலைப்புச் செய்தியை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அறிவிப்பு வெளியான நாளிதழ்த் துண்டை வெட்டிப் பத்திரப்படுத்தி, இரண்டு ஆண்டுகள் கழித்து அதே தலைப்பில் கணக்குப் பத்தியைப் பாருங்கள். இதற்குப் பொருளாதாரப் பட்டம் எதுவும் தேவையில்லை.

திருத்த மதிப்பீட்டிலேயே கதை தெரிந்துவிடுவதும் உண்டு. ஒன்றிய அரசு 2020-21-ஆம் ஆண்டில் உணவு மானியத்துக்கு முதலில் 1,15,570 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு 4,22,618 கோடி ரூபாய். பெருந்தொற்றுக் காலத்தில் இலவசமாகத் தானியம் வழங்கியது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. அரசு தர வேண்டிய மானியத்தை முழுவதும் தராமல், இந்திய உணவுக் கழகத்தைத் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிச் சமாளிக்கும்படி பல ஆண்டுகள் விட்டிருந்தார்கள். அந்தக் கடன் கழகத்தின் பெயரில் இருந்ததால் அரசின் நிதிப் பற்றாக்குறையில் தெரியவில்லை. இப்படி வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே செலவைத் தள்ளி வைப்பதை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் முன்பே சுட்டிக்காட்டியிருந்தார். 2021 பிப்ரவரியில் அந்தப் பாக்கியைக் கணக்குக்குள் கொண்டுவந்தபோதுதான் மானியம் ஒரே ஆண்டில் மூன்றரை மடங்குக்கும் மேலாகப் பெருகியதாகத் தோன்றியது. பெருகியதில் பெரும் பகுதி பழைய பாக்கி. மறைத்ததைப் பிறகு வெளியே வைத்ததை நான் பாராட்டவே செய்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் நாடாளுமன்றம் பார்த்து ஒப்புதல் தந்த பற்றாக்குறை எண் முழுமையான எண் அல்ல என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணக்குப் பத்தியில் 'செலவு' என்று இருந்தால் பணம் அரசின் தொகுப்பு நிதியிலிருந்து வெளியேறிவிட்டது என்று மட்டுமே பொருள். ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்று மார்ச் மாதக் கடைசியில் அவசர அவசரமாகப் பணத்தை எடுத்து, ஒரு வைப்புக் கணக்கிலோ வாரியத்தின் வங்கிக் கணக்கிலோ போட்டு வைப்பது தணிக்கையில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் காணும் காட்சி. ஏட்டில் அது செலவு. பயனாளியின் கையில் ஒரு ரூபாயும் போய்ச் சேர்ந்திருக்காது. ஆகவே கணக்குப் பத்தியைப் பார்த்த பிறகும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது: பணம் உரிய வேலைக்கே செலவானது என்று அதைப் பெற்றவர் தரும் பயன்பாட்டுச் சான்றிதழ் வந்துவிட்டதா?

தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் இரண்டரை லட்சத்துக்கு மேல் கடன் இருக்கிறது என்று சொன்னார்களே, அந்தக் கணக்கு எப்படி வந்தது? அதை நாங்கள் கட்ட வேண்டுமா?
– மளிகைக்கடை உரிமையாளர், பரமக்குடி

நீங்கள் கட்ட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் வந்த எண் அது. மாநிலத்தின் நிலுவைக் கடன் 5,70,189 கோடி ரூபாய். அதைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தபோது குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று வந்தது. பெரிய தொகையை மனத்தில் பதிய வைப்பதற்காகச் செய்த வகுத்தல் அது. உங்கள் கடையின் மீது இருக்கும் கடனைப் போன்றது அல்ல.

கடையை வைத்தே சொல்கிறேன். குளிர்பதனப் பெட்டி வாங்கக் கடன் வாங்கினால் அந்தப் பெட்டி சம்பாதித்துக் கொடுக்கும். வேலையாளுக்குச் சம்பளம் கொடுக்கவே மாதாமாதம் கடன் வாங்கினால் கடை எத்தனை நாள் நிற்கும்? அரசுக்கணக்கில் இந்த இரண்டாவது வகைக்கு வருவாய்ப் பற்றாக்குறை என்று பெயர். அதே வெள்ளை அறிக்கை 2020-21-இல் இதை 61,320 கோடி ரூபாய் என்று சொன்னது. குடும்பத்துக்கு எவ்வளவு கடன் என்பதைவிட இந்த எண்ணையே நீங்கள் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

வெள்ளை அறிக்கையைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2001-இலும் ஆட்சி மாறிய பிறகுதான் வந்தது, 2021-இலும் அப்படியே. முந்தைய ஆட்சியின் கணக்கை எளிய தமிழில் விளக்க முடிகிறவர்கள், தங்கள் ஆட்சியின் கணக்கையும் ஆண்டுதோறும் அதே தெளிவோடு விளக்கலாம். எந்தக் கட்சி ஆண்டாலும் அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

சி.ஏ.ஜி. அறிக்கையில் இத்தனை கோடி இழப்பு என்று வருகிறது. பிறகு ஒன்றும் நடப்பதில்லை. அந்த அறிக்கையால் என்ன பயன்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்

சி.ஏ.ஜி. என்னும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் அவருக்குத் தந்திருப்பது பார்க்கவும் கேட்கவும் எழுதவும் உள்ள அதிகாரம். 151-ஆம் பிரிவின்படி ஒன்றியத்தின் கணக்கு பற்றிய அறிக்கை குடியரசுத் தலைவரிடமும், மாநிலக் கணக்கு பற்றிய அறிக்கை ஆளுநரிடமும் அளிக்கப்படும்; அவர்கள் அதை அவையில் வைக்கச் செய்ய வேண்டும். அவையில் வைத்த பிறகு, அவை உறுப்பினர்களைக் கொண்ட பொதுக் கணக்குக் குழு துறைச் செயலாளர்களை அழைத்து விசாரிக்கும். நாடாளுமன்றத்தில் 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து வருகிறார். ஆளுங்கட்சியின் செலவை ஆளுங்கட்சியே விசாரிக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல மரபு அது.

இந்தச் சங்கிலியில் மிகவும் வலுவற்ற கண்ணி அவையில் வைக்கும் நாள்தான். 'வைக்க வேண்டும்' என்று சொல்லும் 151-ஆம் பிரிவு எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. டெல்லியில் 14 அறிக்கைகள் அவையில் வைக்கப்படாமல் கிடந்தன. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தாமதத்தைக் கண்டித்தது. தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய பிறகு பிப்ரவரியில்தான் முதல் அறிக்கை அவைக்கு வந்தது. வாக்காளர் முடிவெடுக்கும் வேளையில் அவர் கைக்கு வராத அறிக்கை, பின்னர் எவ்வளவு விவரமாக வந்தாலும் தன் வேலையில் பாதியை இழந்துவிடுகிறது. அறிக்கை கைக்கு வந்து இத்தனை நாளுக்குள் அவையில் வைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் குறிப்பிடும் 'இழப்பு' என்ற சொல்லையும் கவனமாகப் படிக்க வேண்டும். 2010 நவம்பரில் வந்த அலைக்கற்றை அறிக்கை, இழப்பை ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் மதிப்பிட்டது. அவற்றுள் உயர்ந்ததான 1.76 லட்சம் கோடி ரூபாய் மட்டுமே மக்கள் மனத்தில் நின்றது. ஏலம் விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய தொகை பற்றிய ஊகம் அது. யாரோ பெட்டியில் எடுத்துச் சென்ற பணம் அல்ல. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. ஒதுக்கீட்டு முறை தவறு என்பது ஒரு முடிவு, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது வேறொரு முடிவு, தணிக்கையின் மதிப்பீடு மூன்றாவது வகை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் தணிக்கை அறிக்கைகளின் மீதே நம்பிக்கை போய்விடும், அது தவறு செய்பவர்களுக்குத்தான் வசதி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சில ஆண்டுகள் தள்ளிப்போனால் என்ன குடிமுழுகிப் போகிறது? ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் எல்லாம் இருக்கின்றனவே?
– பொறியாளர், ஓசூர்

நீங்கள் சொன்ன மூன்றும் பட்டியலில் ஏற்கெனவே இருப்பவரைப் பற்றிய பதிவுகள். கணக்கெடுப்பு, எந்தப் பட்டியலிலும் இல்லாதவரையும் தேடி வீட்டு வாசலுக்கு வருகிறது.

1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒரு முறை இந்தக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல்கூட, அட்டவணைகள் சுருங்கிப்போனாலும் எண்ணும் வேலை நடந்தது. 2021-இல் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் தள்ளிப்போனது நியாயம். தொற்று தணிந்த பின்னும் தள்ளிக்கொண்டே போனதற்குப் போதுமான விளக்கம் தரப்பட்டதாக நான் கருதவில்லை. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு கணக்கெடுப்பு நடத்தப்படும் என்ற அறிவிக்கை 2025 ஜூன் 16 அன்றுதான் வெளிவந்தது. ஆக, இடைவெளி பதினாறு ஆண்டுகள்.

இதனால் யார் இழக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரக மக்களில் 75 விழுக்காட்டினரும் நகர மக்களில் 50 விழுக்காட்டினரும் வரை மானிய விலையில் தானியம் பெற உரிமை தந்தது. எத்தனை பேர் என்பதை, வெளியாகியிருக்கும் கடைசி மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 2011-இன் 121 கோடிக்கு அது 81.35 கோடிப் பேராக வந்தது. ஏறத்தாழ 67 விழுக்காடு. இன்றைய மக்கள்தொகையை 140 கோடி என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் அதே 67 விழுக்காடு சுமார் 94 கோடி. கணக்கு புதுப்பிக்கப்படாத ஒரே காரணத்தால், சட்டப்படி இடம் கிடைத்திருக்கக்கூடிய சுமார் 12 கோடிப் பேருக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் ரேஷன் எல்லாருக்குமானதாகத் தொடர்வதால் நமக்கு இந்தச் சூடு தெரியவில்லை. கூடுதல் சுமையை மாநில அரசு தாங்குகிறது. பிற மாநிலங்களில் புதிதாக மணமாகி வந்த பெண்ணின் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் அட்டையில் ஏறுவதற்கு, வேறு யாருடைய பெயரோ நீங்கும் வரை காத்திருக்க வேண்டிய நிலை.

நிதிக்குழு பங்கீடு, தொகுதி மறுவரையறை, மாதிரிக் கணக்கெடுப்புகளுக்கான அடிப்படைச் சட்டகம் என்று மற்றவையும் இந்த எண்ணையே நம்பியிருக்கின்றன. அவற்றை விரிக்க இங்கே இடமில்லை.

அரசு தனக்குப் பிடிக்காத புள்ளிவிவரத்தை வெளியிடாமல் விட்டுவிட முடியுமா? அப்படியானால் மற்ற எண்களை மட்டும் எப்படி நம்புவது?
– முதுநிலை மாணவி, புதுச்சேரி

முடியும், நடந்தும் இருக்கிறது. 2017-18-க்கான வேலைவாய்ப்பு ஆய்வறிக்கைக்குத் தேசியப் புள்ளியியல் ஆணையம் 2018 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. அறிக்கை வெளிவரவில்லை. 2019 ஜனவரி இறுதியில் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். வேலையின்மை 6.1 விழுக்காடு என்று சொன்ன அந்த அறிக்கை, மக்களவைத் தேர்தல் முடிந்து புதிய அரசு பதவியேற்ற மறுநாளான 2019 மே 31 அன்று வெளியிடப்பட்டது.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. குடும்பங்களின் நுகர்வுச் செலவு பற்றிய 2017-18 ஆய்வு, மக்களின் சராசரிச் செலவு 2011-12-ஐவிடக் குறைந்திருப்பதாகக் காட்டியது என்று ஒரு நாளிதழ் எழுதியது. தரவின் தரத்தில் குறை இருப்பதால் அந்த ஆய்வை வெளியிடப்போவதில்லை என்று 2019 நவம்பர் 15 அன்று அரசு அறிவித்தது. குறை இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. குறையுள்ள தரவையும் 'இன்ன குறை இதில் இருக்கிறது' என்ற குறிப்போடு வெளியிட்டு, ஆய்வாளர்கள் சரிபார்க்க வழிவிடுவதுதான் புள்ளியியலின் மரபு. அடுத்த ஆய்வு 2022-23-இல் நடந்து 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. நாட்டில் வறுமை கூடியதா குறைந்ததா என்ற கேள்விக்கு, இடைப்பட்ட ஆண்டுகளில் ஆளுக்கொரு மதிப்பீட்டை வைத்துக்கொண்டு வாதாட வேண்டியதாயிற்று.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். எல்லா எண்ணும் பொய் என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். தேசிய மாதிரி ஆய்வு 1950-இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் வழிகாட்டலில் தொடங்கியது. அதன் களப்பணியாளர்கள் மழையிலும் வெயிலிலும் குக்கிராமங்களுக்குப் போய், ஒரே வீட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்து, அரிசி எத்தனை கிலோ, புடவை எத்தனை என்று கேட்டு எழுதியவர்கள். வேலையின்மை கூடியிருக்கிறது என்று சொன்னதும் அரசின் இதே அமைப்பின் ஆய்வுதான் என்பதை எண்ணிப் பாருங்கள். குறை அவர்களிடம் இல்லை. எப்போது வெளியிடுவது என்பதை, அந்த எண்ணால் சங்கடப்படக்கூடியவர்களே முடிவு செய்கிறார்கள் என்பதே குறை. தேசியப் புள்ளியியல் ஆணையம், சி. ரங்கராஜன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, அரசின் ஒரு தீர்மானத்தால் ஏற்படுத்தப்பட்டது. அதற்குத் தனிச் சட்டம் இல்லை. வெளியீட்டு நாளை முன்கூட்டியே அறிவித்து, அந்த நாளில் எந்த அமைச்சரின் அனுமதியும் இன்றி வெளியிடும் அதிகாரத்தைச் சட்டத்தால் அதற்குத் தந்தாலன்றி இது தீராது.

ஓர் எண்ணைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அதன் வரையறையை. வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரையும் 'வேலையில் இருப்பவர்' என்று எண்ணும் அளவுகோல் உண்டு. ஆண்டு முழுவதையும் பார்க்கும் அளவுகோலும் உண்டு. போன ஆண்டு ஒன்றையும் இந்த ஆண்டு மற்றொன்றையும் எடுத்து ஒப்பிட்டு யாராவது மேடையில் பேசினால், அந்த ஒப்பீட்டை ஏற்காதீர்கள்.

கொரோனாவில் என் கணவர் 2021 மே மாதம் இறந்தார். இறப்புச் சான்றில் நோயின் பெயர் இல்லை. அரசின் கொரோனா எண்ணிக்கையில் அவர் இருப்பாரா?
– சேலம் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கொரோனா இறப்பு என்று மருத்துவமனை அறிவித்தவர்களின் எண்ணிக்கையில் உங்கள் கணவர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இறப்பு பதிவாகியிருப்பதால் நாட்டின் இறப்புப் பதிவேட்டில் அவர் இருக்கிறார். அந்த இருப்புக்கு மதிப்பு உண்டு.

2021 இறுதி வரை இந்தியாவின் அதிகாரப்பூர்வக் கொரோனா இறப்பு சுமார் 4.8 லட்சம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வழக்கத்துக்கு மேல் நேர்ந்த இறப்பு சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. இந்திய அரசு அந்தக் கணக்கு முறையை ஏற்கவில்லை. பிறகு 2025 மே மாதத்தில் 2021-ஆம் ஆண்டின் இறப்புப் பதிவு விவரம் வெளியாயிற்று. 2019-இல் பதிவான இறப்புகள் 76.4 லட்சம், 2020-இல் 81.2 லட்சம், 2021-இல் 102 லட்சம். பதிவு செய்யும் பழக்கம் மேம்பட்டதும் இந்தக் கூடுதலுக்கு ஒரு காரணம் என்பதால், முழுவதையும் நோயின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் ஒரே ஆண்டில் இருபது லட்சத்துக்கு மேல் கூடியதை அது மட்டுமே விளக்கிவிடாது. இந்த விவரம் வர நான்கு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டியதில்லை. பதிவேடுகள் அந்தந்த உள்ளாட்சி அலுவலகத்திலேயே இருந்தன.

எங்கள் ஊராட்சியில் ஒரு சிமென்ட் சாலை போட்டார்கள். ஆறு மாதத்தில் பெயர்ந்துவிட்டது. கிராம சபையில் கேட்டால் 'கணக்கு ஆன்லைனில் இருக்கிறது, பார்த்துக்கொள்' என்கிறார்கள். தனியாகக் கேட்டால் பகை வருகிறது. என்ன செய்வது?
– விவசாயி, விருத்தாசலம் வட்டம்

இணையத்தில் கணக்கு இருப்பது நல்லதுதான். அங்கே நீங்கள் காண்பது பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, வழங்கிய தொகை. சாலை ஏன் பெயர்ந்தது என்பதற்கான விடை இந்த மூன்றிலும் இல்லை. அது மதிப்பீட்டிலும் அளவுப் புத்தகத்திலும் இருக்கிறது.

ஒரு பணிக்கு நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் தரும்போது, எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், எத்தனை சென்டிமீட்டர் கனம், எந்த விகிதத்தில் கலவை என்று மதிப்பீட்டில் எழுதப்பட்டிருக்கும். வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும் பொறியாளர் நேரில் அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகே பணப்பட்டியல் போட முடியும். எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த மூன்றின் நகலையும் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பணப்பட்டியல். கிடைத்ததும் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போங்கள். பெயர்ந்த இடத்தில் கனத்தை அளக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று, அந்தச் சட்டத்தின் 2(j) உட்பிரிவு காகிதத்தோடு நிற்பதில்லை. பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அது உரிமை தருகிறது. மதிப்பீடு 15 சென்டிமீட்டர் என்றும், அளவுப் புத்தகமும் அதையே சொல்கிறது என்றும், சாலையில் 9 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் யாரையும் குற்றம் சாட்டவே வேண்டாம். மூன்று எண்களையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதிக் கிராம சபையில் வாசித்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொன்னால் போதும்.

பகை பற்றிய அச்சம் உண்மையானது. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. அதனால்தான் தனியாகக் கேட்க வேண்டாம் என்கிறேன். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர் அமைப்பு ஒரு மக்கள் விசாரணை நடத்தியது. ஊராட்சிப் பணிகளின் வருகைப் பட்டியலையும் பணப்பட்டியல்களையும் ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலையே செய்யாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊரார் தங்கள் காதால் கேட்டார்கள். தனி ஒருவரின் புகாராக இருந்தவரை அடக்கப்பட்ட ஒன்று, ஏடு உரக்கப் படிக்கப்பட்டதும் ஊரின் வழக்காகிவிட்டது. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும், ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஏற்படுத்திய சமூகத் தணிக்கைக்கும் வேர் அந்த விசாரணைகளில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்ததற்கு முன் அந்தச் சாலையில் குடியிருக்கும் பத்துக் குடும்பங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனுவில் பத்துக் கையெழுத்து இருக்கட்டும். சபையில் வாசிப்பவர் நீங்களாக இல்லாமல், அந்தச் சாலையில் தினமும் தண்ணீர்க் குடம் சுமந்து போகும் ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

பள்ளிக்கு வந்த நிதியைப் பற்றித் தகவல் கேட்டேன். 'தாங்கள் கோரும் வடிவில் தகவல் தொகுத்து வைக்கப்படவில்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவ்வளவுதானா?
– பெற்றோர் ஒருவர், தென்காசி

இல்லை. நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைக்கு 1997-இல் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. பல விலக்குகளோடு வந்த பலவீனமான சட்டம் என்றாலும் முதல் சட்டம். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு வரிப் பதிலோடு நின்றுவிடக் கூடாது.

உங்கள் விண்ணப்பத்தின் நகலைப் பார்த்தேன். 'ஐந்தாண்டுகளில் மொத்தம் எவ்வளவு வந்தது, எதற்கு எவ்வளவு விழுக்காடு செலவானது' என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கூட்டி வகுத்துத் தரும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை என்று அவர் சொல்ல இடமிருக்கிறது. இருக்கும் ஆவணத்தைக் கேட்டால் அந்த இடம் இல்லாமல் போகும். பள்ளியின் ரொக்கப் புத்தகம், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேடு, இந்த ஐந்தாண்டுகளின் பயன்பாட்டுச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். கூட்டலை வீட்டில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். 'ஏன்', 'எதனால்' என்று தொடங்கும் கேள்விகளையும் தவிர்த்துவிடுங்கள்.

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1) பிரிவில் தனிப்பட்ட தகவல் பற்றிய விலக்கை முன்பைவிட விரிவாக்கியிருக்கிறது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒப்பந்ததாரரின் பெயரைக்கூடத் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இது வழிவகுக்கும் என்று நான் கவலைப்படுகிறேன். ஆனால் பொதுநலன் மேலோங்கினால் விலக்கையும் மீறித் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. உங்கள் மேல்முறையீட்டில் அதை எண்ணோடு குறிப்பிடுங்கள்.

புதிய விண்ணப்பத்தை 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி இன்றே அனுப்பலாம். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும், நியாயமான காரணமின்றித் தாமதித்தால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையம் அபராதம் விதிக்கலாம். பழைய விண்ணப்பத்தையும் கைவிட வேண்டாம். பதில் கிடைத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். உங்களுக்குப் பதில் கிடைத்தது இந்த மாதம் 4-ஆம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழ் கைக்கு வரும்போது இரண்டு வாரங்கள் போயிருக்கும். விரைவு அஞ்சலில் அனுப்பி, அதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.